பெயர்க் கட்டம்

பேரூராட்சியில் பிறப்புப் பதிவு என் மேசை.
இந்த வருடம் இதுவரை ஆண் முப்பத்தெட்டு.
அதில் 'ஷ்' என்று முடிவது இருபத்தொன்று.
வரிசையாக வாசித்தால்
கங்கில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும்.
எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில்
என் மகனும் ஒரு ஷ்.

முப்பத்தொன்பதாவது
சோற்று டப்பாவைத் திறந்த நேரத்தில் வந்தது.
பிறந்த இடம்: கானாடுகாத்தான்.
குழந்தையின் பெயர்: கானாடுகாத்தான்.
கட்டம் மாறி எழுதிட்டீங்க தம்பி என்றேன்.
இல்லை மேடம் சரி மேடம் என்றான்
ஒரே மூச்சில்.

நிரஞ்சன் பெஹரா.
ரயில் பாதைக்கு மின்கம்பி இழுக்க
ஒடிசாவிலிருந்து வந்தவன்.
அன்று ராத்திரி
காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போன 108
ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது.
தலை தெரிந்துவிட்டதாம்.
உள்ளே வள்ளிக்கண்ணு உறை மாட்டிய கையால் ஏந்த,
வெளியே நின்றவனுக்கு
அத்தனை இருட்டிலும் கண்ணில் பட்டது ஒரு பலகை,
வண்டி விளக்கில் அணைந்து அணைந்து எரிந்த எழுத்து.
என்ன எழுதியிருக்கு என்று கேட்டிருக்கிறான்.
டிரைவர் அழகுமலை படித்துக் காட்டினார்.
அர்த்தம் கேட்டிருக்கிறான்.
அவருக்குத் தெரிந்த ஏழெட்டு இந்தி வார்த்தையில் இரண்டை எடுத்து
ஜங்கிள், பச்சாயா என்றாராம்.
அந்த நேரம் பார்த்து உள்ளே அழுகுரல்.

கானாடு எது, காத்தவன் எவன்?
டீக்கடையில் ஒன்று சொல்வார்கள்
தபால்காரர் வேறு சொல்வார்.
எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து இலக்கணம்:
காத்தான். ஆண்பால், ஒருமை, இறந்தகாலம்.
பிறந்து பதினோரு நாள்
அதற்குள் இறந்தகாலமா என்று
பேனா கொஞ்சம் தயங்கியது.
வினைமுற்றாக இருந்தால் வாக்கியம் அங்கே முடிந்துபோகும்.
வினையாலணையும் பெயராக இருந்தால்
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

பக்கத்து மேசை கலியமூர்த்தி சிரித்து மாளவில்லை.
இவன் பேரைச் சொன்னா கண்டக்டர்
டிக்கெட் கிழிச்சுக் கையில கொடுத்துருவானேம்மா.
விலாசம் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள்,
ஆளை விசாரித்தால் பஸ் ஏற்றி விடுவார்கள்.
நானும் சிரித்தேன்.
நிரஞ்சனும் சிரித்தான்,
எதற்கென்று தெரியாமல், எங்களைவிட அதிகமாக.

கணினியும் ஒத்துக்கொள்ளவில்லை.
பெயரும் ஊரும் ஒன்றாக உள்ளன,
சரிபார்க்கவும் என்று சிவப்பில் கேட்டது.
நாற்பதாயிரம் சதுர அடியில் வீடு கட்டியவர்களும்
ஊரில் பாதித் தெருவுக்குத்தான் தங்கள் பேரை வைத்தார்கள்.
பிள்ளைக்கு ஊரின் பேரை
ஒருவரும் வைத்து நான் பதிந்ததில்லை.
ஆம் என்ற பொத்தானை அழுத்தினேன்.

சாயங்காலம் வீட்டில்
பென்சில் சீவிக்கொண்டே மகன் கேட்டான்,
என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?
கூட்டினால் ஐந்து வரும் என்றேன்.
ஐந்துன்னா?
இட்லி எடுத்து வைக்கப் போய்விட்டேன்.

மார்கழியில் கம்பி வேலை முடிந்தது.
செட்டிநாடு ஸ்டேஷனில் தற்செயலாகப் பார்த்தேன்:
நான்கு மூட்டை, ஒரு நீலக் குடம்,
சாபித்ரியின் இடுப்பில் அவன்.
காத்தா, காத்தா என்று கொஞ்சுகிறாள்,
த்தாவில் நாக்கு சறுக்க.
அவன் என் வளையலைப் பிடித்துக்கொண்டான்,
விடவில்லை.
ரயில் வந்துவிட்டது.
ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

முன்பதிவில்லாப் பெட்டியில்
மூட்டைக்கும் குடத்துக்கும் நடுவே உட்கார்ந்து
கானாடுகாத்தான் கிளம்பிப் போனான்.
ஐந்து வயது வரை அவனுக்கு டிக்கெட் கிடையாது.
நான் பஸ் ஏறி
கானாடுகாத்தான் ஒண்ணு என்றேன்.
பதினைந்து ரூபாய் இருக்கிறதா என்று தேடுகிற சாக்கில்
கைப்பைக்குள் ரொம்ப நேரம் குனிந்திருந்தேன்.